நாளை எங்கே குடியிருப்போம்?

பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிப்பது நம் இல்லங்களில் வழக்கம். தேசத்துக்கும் ஜாதகம் கணிப்போர் உண்டு. அவர்களே ஜனத்தொகை நிபுணர்கள். அவர்கள் கிரகங்களைப் பார்ப்பதில்லை. பிறப்பு, இறப்பு, குடிபெயர்தல் ஆகிய மூன்றையே பார்க்கிறார்கள்.

இன்று ஐந்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்று தெரிந்தால், இருபது வருஷங்களுக்குப் பின் வேலை தேடப்போகும் வாலிபர்களின் தொகையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அவர்கள் எந்த ஊரில் வசிப்பார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி. தொழிற்சாலை எங்கே எழும்பும், கலாசாலை எங்கே திறக்கும், பாசனக் கிணறு எங்கே வற்றும் என்பவற்றைப் பொறுத்த விஷயம் அது. ஆகையால் நிபுணர்கள் ஒரே விடையைக் கூறுவதில்லை. அபிவிருத்தி செல்லக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். 2100-ம் வருஷத்தில் உலக ஜனங்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நகரவாசிகளாயிருப்பார்கள் என்று அவ்விதம் கணித்தபோது, நகரங்கள் துரிதமாக வளரும் வழியில் 92 என்றும், நடுத்தர வழியில் 79 என்றும், தேசங்கள் ஒன்றையொன்று பகைத்துத் தேங்கி நிற்கும் வழியில் 60 என்றும் கிடைத்தது.

நம் தமிழ்நாட்டில் நகரவாசிகள் 1951-ல் நூற்றுக்கு 24 பேர்; 2011-ல் 48 பேர். பிறப்போ, தாய் ஒருத்திக்கு இரண்டு குழந்தைகள் என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. எனவே, 'எத்தனை பேர்?' என்பதைவிட 'எங்கே?' என்பதே இனி நமக்குப் பெரிய கேள்வி.

நம் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் சென்னைக்கே செல்வது ஒன்று. 2011-ல் அம்மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. விரியும் நகரம் மேட்டு நிலத்தை மாத்திரமா நாடும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிற்று. வேளச்சேரி ஏரிக்குள் வீடுகள் எழுந்தன. 2015 டிசம்பரில் வெள்ளம் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்தபோது, கடன்பட்டு வீடு கட்டியவர்கள் மொட்டைமாடியில் நின்று தவித்தார்கள்.

தொழிலைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது மற்றொன்று. கோயமுத்தூரின் நூற்பாலைகளும், திருப்பூரின் பனியன் தொழிலும், சிவகாசியின் அச்சகங்களும் சுற்றுக் கிராமத்தார் பலர் சொந்த வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்த் திரும்ப வழி செய்தன. இவ்வழியிலும் எச்சரிக்கை வேண்டும். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததை நாம் மறக்கலாகாது.

2021-ல் நடக்க வேண்டிய ஜனக்கணக்கு அவ்வருஷம் நடைபெறவில்லை. பழைய கணக்கை வைத்துக்கொண்டு புதிய பள்ளிக்கூடத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எவ்வாறு இடம் குறிப்பது? கணக்கெடுப்பவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அவரை அமரச் செய்து ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையான விடை அளிப்போமாக. நம் பேரக் குழந்தைகள் மேட்டில் வசிப்பார்களா, ஏரிக்குள் வசிப்பார்களா என்பது கிரகங்களின் கையில் இல்லை. அதை நிர்ணயிக்கப்போவது இன்று நாம் போடும் திட்டமே.