செல்போனில் கல்லூரி விளம்பரம்! ரகசிய எண் கேட்டால் உஷார்!!

நெல்லை–

பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும். நெல்லை, பாளையங்கோட்டை வீடுகளில் செல்போன் ஓயாது. "எங்க காலேஜைப் பாருங்க" என்று வீடியோ மேல் வீடியோ! பச்சைப் புல்வெளி, ஏ.சி. வகுப்பு, சிரித்த முகங்கள்!

பாளையங்கோட்டைக்குக் கல்லூரி புதிதல்ல. தூய சவேரியார் கல்லூரி 1923-லேயே வந்துவிட்டது. அண்ணன் படித்த இடத்தில் தம்பியும் சேருவான். அந்தக் கால விளம்பரம் அவ்வளவுதான்!

2017 வரை என்ஜினீயரிங் கவுன்சிலிங் என்றால் ராத்திரி ரெயிலேறி, மகனோடு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஓடணும். 2018-ல் அது இணையதளத்துக்கு வந்தது. ரெயில் செலவு மிச்சம்! ஆனால் வில்லங்கமும் கூடவே வந்தது.

எப்படி?

பிடித்த கல்லூரிகளை மாணவரே தளத்தில் வரிசைப்படுத்தணும். மேலே இருக்கும் கல்லூரியில் இடம் காலியிருந்தால் அதுதான் கிடைக்கும். "நாங்களே போட்டுத் தாரோம் அண்ணாச்சி, பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் சொல்லுங்க" என்று யாராவது குழைந்தால்? சொன்னால் தீர்ந்தது! அவர் காட்டும் கல்லூரி முதல் இடத்தில் ஏறிவிடும். நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்குக் கேட்ட கல்லூரி அம்போ!

சரி, எதைத்தான் பார்க்கிறது?

வீடியோவை விடுங்கள். கல்லூரி இணையதளத்தின் மூலையில் "கட்டாய வெளியீடு" என்று ஒரு பக்கம் கிடக்கும். கட்டணம், ஆசிரியர் விவரம், அங்கீகாரம் எல்லாம் அதில் போட்டாகணும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. உத்தரவு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலோ யு.ஜி.சி. தளத்திலேயே இருக்கிறது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? நெல்லை அரசு பொறியியல் கல்லூரி உதவி மையத்தில் ஆள் வைத்தே பதிவு செய்து தருகிறார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது.