படத்துண்டுப் புதிரும் விரைவுப் போட்டியும்

ஒரு படத்தைப் பல துண்டுகளாக வெட்டிக் கலைத்து, மீண்டும் முன்போல் இணைத்து மகிழ்வோர் உலகிற் பலர். ஆங்கிலேயர் இப்புதிரை ‘ஜிக்சோ’ என்பர். உண்மையில் அது வளைவாக அறுப்பதற்குரிய ஒரு வாளின் பெயர். இக்காலத்துத் துண்டுகளிற் பெரும்பாலானவை அட்டையை எந்திரத்தால் அழுத்தி வெட்டப்படுவன. வாள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இதன் பிறப்பு கல்வியோடு தொடர்புடையது. 1760 ஆம் ஆண்டுகளில் இலண்டன் நகரில் வாழ்ந்த யோன் ஸ்பில்ஸ்பரி என்னும் தேசப்படச் செதுக்காளர், தேசப்படங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றார். துண்டுகளைப் பொருத்தும் பிள்ளைகள் பூமிசாத்திரமும் உடன் கற்றனர். ஆயினும் அவை செல்வர் வீடுகளுக்கே எட்டிய பொருள்கள். அமெரிக்காவிற் பொருளாதார மந்தம் முற்றியிருந்த 1932, 1933 ஆம் ஆண்டுகளில் மலிவான அட்டைப் புதிர்கள் வாரந்தோறும் வெளிவந்தபோது இப்பொழுதுபோக்கு எளியோர் கைக்கும் வந்து சேர்ந்தது. நூலகங்களும் கடைகளும் நூல்களைப்போலப் புதிர்களையும் இரவல் கொடுத்தன. ஒரு துண்டைத் தொலைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவரை அடுத்து வாங்கியவர் எவ்வாறு வாழ்த்தியிருப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இத்துணை அமைதியான பொழுதுபோக்கிற் கடிகாரத்துக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். உலக ஜிக்சோ புதிர்ச் சம்மேளனத்தின் முதலாவது உலகப் போட்டி 2019 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் ஸ்பெயின் நாட்டு வல்லடோலிட் நகரில் நடைபெற்றது. தனியாள், இருவர், நால்வர் குழு என மூன்று பிரிவுகள் அமைந்தன. தனியாட் பிரிவில் 500 துண்டுகள். செக் நாட்டுப் பெண்மணியான யானா ஹன்செல்கோவா ஒரு மணி நேரத்துக்குள் அவற்றைப் பொருத்தி முதலிடம் பெற்றார். கொள்ளைநோயினால் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நின்ற போட்டி 2022 இல் மீண்டும் தொடங்கிற்று. நோய்க்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டோர் புதிர்களைத் தேடி வாங்கியமையால், புதியோர் பலரும் இக்கூட்டத்திற் சேர்ந்தனர்.

இப்போட்டியிற் கைவேகமே வெல்லும் என எண்ணுதல் பொருந்தாது. எளிய கணக்கொன்றைப் பாருங்கள். 500 துண்டுகளில் ஒவ்வொன்றையும் ஏனைய எல்லாவற்றோடும் ஒப்பிடுவதாயின் 124,750 இணைகளைச் சோதிக்க வேண்டும். அவற்றை முதலில் நிறத்தாலோ வடிவத்தாலோ ஐம்பது ஐம்பதாகப் பத்துக் குவியல்களாக்கினால், குவியல்களுக்குள் ஒப்பிட வேண்டியவை 12,250 மட்டுமே. தொடக்கத்தில் துண்டுகளைப் புரட்டி வகைப்படுத்தும் சில நிமிடங்கள் வீண்போல் தோன்றினும், பிற்பாடு பெரும்பயன் தருவன. வீடு, எழுத்து, பூ முதலியன நிறத்தால் தாமே பிரியும். ஒரே நீலமாய் விரியும் வானமே வீரரைச் சோதிப்பது. அங்கே நிறம் கைவிடும். முளையும் குழியுமாகிய விளிம்பு வடிவமே துணை. ஓரத்துண்டுகளை முதலிற் பொருத்துதல் எல்லார்க்கும் தெரிந்த முறை; எனினும் 25 நிரலும் 20 நிரையுமாக அமைந்த புதிரில் ஓரத்துண்டுகள் 86 தாம். எஞ்சிய 414 துண்டுகளும் உள்ளேயே கிடக்கின்றன.

இனி, முற்கூறிய வினாவுக்கு வருவோம். சதுரங்கத்தில் ஒருவர் வெற்றி மற்றவரின் ஆட்டத்தை அழித்தே வரும். இங்கோ ஒவ்வொருவர்க்கும் தனி மேசை, ஒரே படம். பக்கத்து மேசைக்காரர் விரைந்தாலும் நம் துண்டு ஒன்றேனும் இடம் மாறுவதில்லை. கடிகாரம் இன்பத்தைக் குலைக்கிறது என்பார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. எமக்கோ நால்வர் குழுப்போட்டியே மூன்றினுள்ளும் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஒருவர் ஓரத்தையும் மற்றொருவர் வானத்தையும் ஏற்க, வேண்டிய துண்டு வேண்டியவர் கைக்குச் சொல்லாமலே செல்லும். தன் பகுதியை விட்டுக்கொடாதவர் இருக்கும் குழு, அவர் எவ்வளவு வல்லவராயினும், பின்தங்கிப்போம்.

படம் எதுவென்பது தொடக்க ஒலி வரை ஒருவர்க்கும் காட்டப்படுவதில்லை. முன்னரே பொருத்திப் பழகியவர்க்கு மிகையான வாய்ப்புக் கிட்டும் என்பதே காரணம். இதனாலேயே ஒருமுறை பொருத்திய புதிர் பயிற்சிக்குச் சுவை குறைந்ததாகிவிட, அன்பர்கள் அவற்றைத் தம்முள் மாற்றிக்கொள்வர். குறித்த நேரத்துள் முடிக்க இயலாதவரும் கணக்கில் விடப்படார். பொருத்திய துண்டுகளை எண்ணி அவர்க்கும் ஓர் இடம் வழங்கப்படும்.