கடன் இறங்கும் வீடு – 9: பீரோவின் கீழறையில் தொடங்குங்கள்

சென்ற வாரம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் இருக்கிற கடன்கள் எல்லாவற்றையும், பெரிது சிறிது பார்க்காமல், ஒரே தாளில் எழுதச் சொல்லியிருந்தேன். நிறைய வீடுகளில் அந்த வேலை பாதியில் நின்றிருக்கும். வங்கியில் வாங்கியது நினைவிருக்கும், மச்சானிடம் வாங்கிய கைமாற்று நினைவிருக்கும். அடகு வைத்த நகைக்கு எவ்வளவு வாங்கினோம், கெடு எந்தத் தேதி, கார்டில் பாக்கி எவ்வளவு என்று வரும்போது பேனா நின்றுவிடும். ரசீது வீட்டில்தான் இருக்கிறது. எந்த மூலையில் என்றுதான் தெரியாது.

ஆகவே இந்த வாரம் வீட்டை ஒதுங்க வைப்பதைப் பற்றிப் பேசுவோம். கடனை அடைப்பதும் வீட்டை ஒதுங்க வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்பது பல வீடுகளைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகிவிட்ட எண்ணம்.

மதுரை செல்லூரில் ஒரு வீடு. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். பீரோவின் கீழறையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவு நெருக்கம். “எல்லாம் இதுக்குள்ளதாண்ணே கெடக்கு. தொறந்தாலே தலை கிறுகிறுங்குது” என்றார் அந்த அம்மா. முழு அறையையும் அப்படியே உருவிக் கட்டிலில் கொட்டினோம். கல்யாணப் பத்திரிகைகள், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கள், எப்போதோ கெட்டுப்போன மிக்ஸியின் வாரண்டி கார்டு, பிரிக்கவே படாத கிரெடிட் கார்டு கவர்கள், ரப்பர் பேண்ட் போட்ட இன்சூரன்ஸ் ரசீதுகள், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவிக்கொத்து, காலமான மாமனாரின் பாஸ்புக்.

மூன்று குவியலாகப் பிரித்தோம். பணம் கட்ட வேண்டியது, பணம் வர வேண்டியது, குப்பை. அடியில் நான்காக மடித்துக் கிடந்தது ஒரு நகைக்கடன் ரசீது. ஒரு ஜோடித் தோடு, கல் எடை கழித்து நாலு கிராம், கடன் 14,000 ரூபாய். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. தவறினால் ஏல நோட்டீஸ் வரும்.

“அடுத்த மாசம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் கணவர்.

“எங்கம்மா போட்டதுண்ணே அது” என்று அந்த அம்மா சொன்னதோடு சரி, அதற்கு மேல் பேசவில்லை.

அன்று மாலையே பரணில் கிடந்தவற்றை இறக்கினார்கள். மோட்டார் மெஷின் வந்தபின் தொடாத பழைய கால்மிதி தையல் மெஷின், பையன் காலேஜுக்குப் போனபிறகு யாரும் ஓட்டாத சைக்கிள், துருப்பிடித்த இரும்புக் கட்டில், இரண்டாவது கிரைண்டர். மெஷினைத் தையல் பழகும் பக்கத்துத் தெருப் பெண் வாங்கிக்கொண்டார். மற்றவை எடைக்கும் பேரத்துக்கும் போயின. எல்லாம் சேர்ந்து தோட்டுக்கடனில் பாதிக்கு மேல் தேறியது. மீதிக்குத் தையல் கூலியும் ஒரு வாரத்து ஆட்டோ வருமானமும். கெடுவுக்கு முன்னால் தோடு காதுக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டில் ஐந்தாறு கடன்கள் இருந்தன. தோட்டுக்கடன்தான் அவற்றில் சின்னது. ஆனால் அது தீர்ந்த வாரத்தில்தான், பிரிக்காமல் கிடந்த கார்டு கவர்களை அந்தக் கணவர் தானாகவே எடுத்துப் பிரித்தார். நான் சொல்லிக்கூட அதுவரை செய்யாத காரியம் அது. “மனசு வரட்டும், ஒருநாள் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துருவோம்” என்று காத்திருக்கிறவர்களுக்கு அந்த ஒருநாள் வருவதே இல்லை. கணக்கு ஒன்று முடிந்து, ரசீது கைக்கு வந்தால் மனசு பின்னாலேயே வந்துவிடுகிறது.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள், கடன் தீர்க்கும் திட்டமொன்றில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் கடைசிவரை நின்று கடனை முடித்தார்கள் என்பதே கேள்வி. எவ்வளவு தொகையை அடைத்தார்கள் என்பதைவிட, இருக்கிற கணக்குகளில் எத்தனையை முழுதாக மூடினார்கள் என்பதே அதை நன்றாகக் காட்டிக் கொடுத்தது. கணக்குப் பிள்ளையைக் கேட்டால், வட்டி அதிகமுள்ள கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்பார். கணக்குப்படி அது சரியும்கூட. ஆனால் மாதாமாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறவர் மனிதர். வட்டி விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால் சின்னதை முதலில் முடியுங்கள்.

இதற்கு நான் ஒத்துக்கொள்கிற விலக்கு இரண்டு.

முதலாவது, தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி வகையறா. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கிறார்களே, அதன் வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். இப்படிப்பட்ட வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் மார்க்கெட்டுகளில் காலையில் பையோடு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் கடன் ஒன்று இருந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். நகையை வங்கியில் வைத்தாவது இதை முதலில் ஒழித்துவிடுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைச் சுற்றிய வட்டிக்கு மாறுவது புதுக்கடன் வாங்குவதாகாது, கழுத்தில் இருக்கும் கையை எடுத்துவிடுவது.

இரண்டாவது, கிரெடிட் கார்டு. கார்டு பாக்கி 60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இது மட்டும் 2,478 ரூபாய். குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 3,000 கட்டினால், அசலில் குறைவது 522 ரூபாய். “மாசாமாசம் ஒழுங்காகத்தானே கட்டுகிறோம், ஏன் குறைய மாட்டேங்குது” என்று கேட்கிற எல்லோருக்கும் இதுதான் பதில். பாக்கி இருக்கும்போது அதே கார்டில் வாங்குகிற காய்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். செல்லூர்க் கணவர் பிரித்த கவர்களில் இருந்தது இந்தக் கதைதான். கார்டை அன்றே போன் செயலிகளிலிருந்து நீக்கினார்.

இனி பொருள்களின் பக்கம் வருவோம். தமிழ்நாட்டு வீடுகள் நிரம்பி வழிவதற்குக் காரணம் அந்த வீட்டுப் பெண்களின் பேராசை என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். பரணில் ஏறிப் பாருங்கள். சீராக வந்த அண்டாவும் குத்துவிளக்கும் தவலையும் இருக்கும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி இருக்கும். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இருக்கும், ஏற்கெனவே ஒரு கிரைண்டர் இருந்த வீட்டிலும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் நாலைந்து, பிரிக்காத எவர்சில்வர் தட்டுகள், வைத்துக்கொடுத்த ஜாக்கெட் துணிகள். பாதிக்கு மேல் கேட்டு வாங்கியவை அல்ல, வந்து சேர்ந்தவை. இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. வந்து சேர்ந்ததை எல்லாம் ஆயுளுக்கும் காவல் காக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விரும்பி வாங்கியவை ஒரு பகுதி உண்டு. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் மேளா என்று போய், பழையதைப் போட்டுப் புதியதை ‘வட்டியில்லாத் தவணை’யில் எடுத்து வந்தவை. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வட்டி பொருளின் விலையிலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். பொருள் பழுதாகிப் பரணுக்குப் போனபிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கிற வீடுகள் எத்தனையோ.

விற்கும்போது ஒன்றை மட்டும் பிடிவாதமாகப் பாருங்கள். நம் ஊரில் பழையதைக் கொடுத்துப் பொருளாக வாங்கும் பழக்கம் ஊறிப்போனது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு பிளாஸ்டிக் வாளி, பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த முறை பொருள் வேண்டாம், பணமாகக் கேளுங்கள். வாளி வாங்கிக்கொண்டால் பரணில் இடம் காலியாகாது, கடனிலும் ஒரு ரூபாய் குறையாது. வந்த பணத்தை ராத்திரி வீட்டில் தங்கவிடாதீர்கள். அன்றைக்கே, அது நூறோ ஆயிரமோ, நீங்கள் முதலில் முடிக்க நினைக்கிற கடனில் கட்டிவிடுங்கள். வீட்டில் தங்கினால் அது பால் கணக்கிலோ பிள்ளைகள் கேட்கும் பிரியாணியிலோ கரைந்துவிடும். யாரையும் குறை சொல்லவில்லை, பணத்தின் இயல்பு அது.

எதை விற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பெயரோ பாட்டி பெயரோ புள்ளி வைத்து வெட்டிய பாத்திரம் ஒன்றாவது எந்த வீட்டிலும் இருக்கும். அதை எடைக்குப் போட்டுக் கிடைக்கிற தொகை, பின்னால் வருகிற வருத்தத்துக்கு ஈடாகாது. வைத்துக்கொள்ளுங்கள். பரணில் போடாமல் புழங்குங்கள். இன்னொன்று, மற்றவர் பொருளை அவரைக் கேட்காமல் விற்காதீர்கள். மாமியாரின் ஆட்டுரலை அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துத் தள்ளிவிட்டு, அதனால் வந்த சண்டையில் கடன் பேச்சே நின்றுபோன வீட்டை எனக்குத் தெரியும். கடனை அடைக்க வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

‘பணம் வர வேண்டியது’ என்று ஒரு குவியல் சொன்னேன் அல்லவா, அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பத்து ஆண்டுகள் எந்த வரவு செலவும் இல்லாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் உரியவரோ வாரிசோ வங்கியில் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பழைய பாஸ்புக் கிடைத்தால் கிழித்துப் போடாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் போன்ற ஆவணங்களோடு கிளைக்குப் போங்கள். மொய் நோட்டில் நாம் செய்தது இந்தக் குவியலைச் சேர்ந்தது, நமக்கு வந்தது கட்ட வேண்டிய குவியலைச் சேர்ந்தது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே நோட்டில் வரவாக எழுதியது ஒவ்வொன்றும் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டியது. உங்கள் கடன் தாளிலும் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மொத்த வீட்டையும் புரட்ட வேண்டாம். காகிதம் கிடக்கிற ஒரே ஒரு அறை போதும், அது பீரோவின் கீழறையோ டிரங்குப் பெட்டியோ. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள், பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். கெடு தேதியுள்ள ஒவ்வொரு ரசீதின் தேதியையும் அடுப்படிக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு எழுந்திருங்கள். பழைய கடனைப் புதுக்கடனால் அடைக்கிற சுழலைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம்.

நகைக்கடன் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. கடனை முழுதாகக் கட்டி முடித்தால் அன்றைக்கே, அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள், நகையைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இதற்கு மாறிவிட வேண்டும் என்பது உத்தரவு. தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பணம் கட்டிவிட்டு “நாளைக்கு வாங்கம்மா, லாக்கர் சாவி இல்லை” என்ற பதில் வந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.