யூ-180 நீர்மூழ்கியும் மாலுமிகளின் பத்திரங்களும்

கல்வராயன் மலையடிவாரத்தில் வாழ்வோர்க்குக் கடல் தூரத்து விஷயமேயாயினும், நேதாஜியின் பெயர் இங்கும் பரிச்சயமானதே. 1943 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தினின்று, உதவியாளர் ஆபித் ஹசனோடு அவர் பிரயாணம் செய்த யூ-180 என்னும் நீர்மூழ்கி, வெர்னர் மூசன்பெர்க் தலைமையில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்து, ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் ரப்பர்த் தோணி வழியே, இருவரையும் ஜப்பானிய ஐ-29 கலத்திடம் ஒப்புவித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் யூ-180 தன் 56 பேரோடும் அழிந்துபட்டமையால், அதன் மாலுமிகளுக்குரிய காகிதம் எதுவும், மெய்யென்று தேறினால், ஆராய்ச்சியாளர்க்கு அரிய பொருளாகும்.

ஊதியப் புத்தகத்திலும் விருதுப் பத்திரத்திலும் அன்னார் தேடுவது கையொப்பம், முத்திரை, தேதி இவற்றின் பொருத்தத்தையே. 1939 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்டு, பொதுவாக இரண்டு போர்ப் பிரயாணங்கள் முடித்தவர்க்கு வழங்கப்பெற்ற நீர்மூழ்கிச் சின்னத்தில், நீள்வட்ட இலைமாலையின் நடுவே இடப்புறம் நோக்கிய கலமும், மேலே கழுகும் ஸ்வஸ்திகமும் (ஹிட்லர் அரசின் முத்திரை அது, நம் மங்கலச் சின்னமன்று) காணப்படும். ஆதியில் பித்தளையிலும், உலோகத் தட்டுப்பாடு முற்றியபின் துத்தநாகத்திலும் அது செய்யப்பட்டதாதலின், 1940-இன் பத்திரத்தோடு துத்தநாகச் சின்னத்தைச் சேர்த்து விற்கும் வியாபாரியின் சாமர்த்தியம் அறிந்தவரிடம் செல்லாது.