காலைச் சுற்றும் பூனைக்கு ஒரு பாய்

மறைமலை நகரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஷிப்டு முறையில் தொழிற்சாலைப் பணிக்குச் செல்வோர் மிகுதி. எனவே, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவருக்குப் பகல் முழுதும் துணையாக இருப்பது சில இல்லங்களில் வளர்ப்புப் பூனை மட்டுமே. அத்துணையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும், வாக்கர் பிடித்து நடப்பவரின் கால்களை உரசிச் சுற்றும் பூனை அவரை இடறி விழச் செய்யக்கூடும். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஒருமுறை விழுந்தாலும் எலும்பு முறியலாம்.

இதற்காகப் பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை, பழக்கினால் போதும். 1898-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், பசித்த பூனைகளைத் தாழிட்ட பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்து ஆராய்ந்தார். முதலில் கீறியும் கடித்தும் தவித்த பூனைகள் தற்செயலாகத் தாழைத் திறந்தன. பலமுறை அடைத்தபின், தவிப்பின்றி விரைவாகவே திறந்து வெளியேறின. பலன் தந்த செயலைப் பூனை மீண்டும் செய்யும் என்பதே அதன் சாரம்.

பயிற்சி முறை எளிது. உணவு வேளைக்குச் சற்று முன் நாற்காலியில் அமர்ந்துகொள்ளுங்கள். உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியைச் சிறு துணுக்குகளாக வைத்துக்கொள்ளுங்கள். குழம்பிலிருந்து எடுத்த மீன் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு.

சற்றுத் தொலைவில் ஒரு சிறு பாயை விரியுங்கள். பூனையின் கால் பாயில் பட்டவுடன் "சபாஷ்" எனக் கூறி, ஒரு துணுக்கைப் பாயின்மீது எறியுங்கள், குனிய வேண்டாம். பழகியபின், நான்கு கால்களும் பாயில் இருந்தால் மட்டும் கொடுங்கள். அடுத்து, அது அமரும்வரை காத்திருந்து கொடுங்கள். பிறகு, பராமரிப்பாளர் வாக்கருடன் இரண்டடி நடக்கட்டும். பூனை பாயிலேயே இருந்தால் பரிசு. ஒருவேளைக்கு ஐந்து நிமிடம் போதும். வால் வேகமாக ஆடினாலோ காதுகள் பின்மடிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அடிக்கவோ அதட்டவோ கூடாது. பழக்கம் உறுதிப்படும்வரை, நோயாளி நடக்கும் வேளையில் பூனையை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

பூனை தையலையும் கட்டையும் நக்க விடாதீர்கள். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பூனையின் கழிவை வேறொருவர் அகற்றட்டும். புற்றுநோய்க்கான மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், கருவுற்றோர் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பூனைக்கு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை உரிய காலத்தில் போடுங்கள். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று எண்ணித் தாமதிக்காதீர்கள்.

மூட்டு வலுப்பெறுவதும் பூனை பாயில் அமர்வதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. இரண்டிற்கும் அன்றாடம் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.