மாரிக்கு முந்திய வளவு வேலை

திருகோணமலையில் குளிருக்கு அஞ்சி யாரும் வீட்டை ஆயத்தப்படுத்துவதில்லை. இங்கே மாரி என்றால் மழையும் வாடைக்காற்றும்தான். ஆண்டில் பெய்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். துறைமுகத்துக்குப் பெயர் வந்ததிலும் இந்தப் பருவத்துக்குப் பங்கு உண்டு. அன்று வாடைக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க நல்ல இடம் இருக்கவில்லை. 1782இல் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையைக் கைப்பற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குடாவுக்குள் கப்பலுக்குக் கிடைத்த காவல் நிலாவெளியிலோ மூதூரிலோ இருக்கும் அரை ஏக்கர் வளவுக்குக் கிடையாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கச்சான் காற்று ஓய்ந்த பிறகு, தீபாவளிக்கு முன்னர் வேலையை முடித்துவிடுவது நல்லது. பலர் முதலில் கூரையில் ஏறுகிறார்கள். என்னைக் கேட்டால், மண்வெட்டியோடு வளவைச் சுற்றி வருவதுதான் முதல் வேலை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே தேங்குகிறது, எதனால் வெளியேறுகிறது என்பது தெரிய வேண்டும். கரையோர மணல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கை ஒக்டோபருக்குச் சரி. அடைமழை தொடர்ந்தால் நிலத்தடி நீர் மேலேறி, நவம்பர் முடிவில் மணலுக்கு உறிஞ்ச இடமிராது. அந்த நேரம் வளவுக்குள் வெட்டிய ஊறுகுழியும் நிரம்பித்தான் கிடக்கும். ஆகவே ஒழுங்கை வாய்க்கால்வரை ஒரு கான் வெட்டி, மதகில் அடைத்த பிளாஸ்டிக்கையும் ஓலையையும் இழுத்துவிட வேண்டும். கிறவல் கொட்டித் தன் வளவை மட்டும் உயர்த்துகிறவர் வெள்ளத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறார். ஊரில் பாதி வேலிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது. கானை நாலு வீட்டார் சேர்ந்து வெட்டினால் செலவும் குறையும், கதையும் குறையும்.

மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்தாருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மகாவலி மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலையில் கொட்டிய மழை பிந்தித்தான் இங்கே வந்து சேரும். தலைக்கு மேலே வெயில் எறிக்கும்போதே முற்றத்தில் தண்ணீர் ஏறலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆற்றோரம் இருப்பவர்கள் தம்மூர் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், மேலே எவ்வளவு பெய்தது, எந்த வான்கதவு திறந்தது என்றும் கேட்டறிய வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போனில் மட்டுமன்றிச் சுவரிலும் எழுதி வையுங்கள். போனுக்குச் சார்ஜ் இல்லாத நாளில்தான் அது தேவைப்படும்.

இனிக் கூரை. 1964 டிசம்பரிலும் 1978 நவம்பரிலும் கிழக்கைத் தாக்கிய சூறாவளிகளை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி இதே மாவட்டத்தின் கரையைக் கடந்தது. காற்று பெரும்பாலும் தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்துதான் கூரையைக் கிளப்பும். முன்னால் இறக்கிய பத்தியின் கைமரம் வீட்டுக் கூரையோடு ஒன்றாக ஓடினால், பத்தி கிளம்பும்போது வீட்டுக் கூரையையும் இழுத்துப் போகும். பத்தியைத் தனியாகக் கட்டியிருப்பதே பாதுகாப்பு. தகரத்தில் ஆணி இளகியிருக்கிறதா, சீற்றில் கொளுக்கி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றில் நேரே காலை வைக்காதீர்கள், முறிந்துவிடும். கீழே மரம் போகிற இடத்தின்மேல் பலகை போட்டு அதில் நில்லுங்கள். வீட்டுக்கு மேலே சாய்ந்த தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய தேங்காயையும் இறக்கிவிட வேண்டும். முருங்கைக்குப் பாவம் பார்க்கத் தேவையில்லை. காற்று எப்படியும் முறிக்கப் போகிற மரம் அது. நெஞ்சளவில் வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும்.

வெட்டிய தடியை எறிய வேண்டாம். முருங்கையோ பூவரசோ கிளிசறியாவோ, முதல் மழையோடு கதியாலாக நட்டால் வேலிக்குச் செலவில்லை. கத்தரி, மிளகாய் நாற்றை உயர்த்திய பாத்தியில் வையுங்கள். முற்றிய மரவள்ளியைக் கிண்டி எடுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். விறகைக் கூரைக்குள் ஏற்றுங்கள். நிலத்தில் குவித்தால் விரியன் பாம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். ஆட்டுக்குத் தரையிலிருந்து உயர்ந்த தட்டு வேண்டும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். வெள்ளம் ஏறும் இரவில் கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டால் மாடு தானே மேட்டைத் தேடிப்போகும். கட்டிய மாடுதான் சாகும். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வையுங்கள்.

பெரும்போக வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டொக்சிசைக்ளின் எடுப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, ரயர், பீலியில் நிற்கும் தண்ணீர் எல்லாம் டெங்கு நுளம்புக்கானவை. மழை விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் கவிழ்த்துவிட வேண்டும்.

கிணறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டு தாழ்வாக இருந்தால் இப்போதே உயர்த்துங்கள், மூடியும் போடுங்கள். அதையும் மீறி வெள்ளம் உள்ளே போய்விட்டால், கலங்கலைப் பார்த்த பதற்றத்தில் இயந்திரத்தைப் பூட்டி அடிவரை இறைத்துவிடக் கூடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் பல கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணலுக்கடியில் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர் குறையக் குறைய, கீழேயிருந்த உவர் மேலேறியது. மணற்பாங்கில் வேகமாக இறைத்தால் கிணற்றுச் சுவரும் இடியக்கூடும். சுற்றுப்புற வெள்ளம் வடியும்வரை பொறுத்திருங்கள். பிறகு மெதுவாக இறைத்து, சேற்றை அள்ளி, சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இடுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். குமிழி பொங்கி ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.