பட்டம் பெற்றவர் யார்?

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் டாக்டரும் நர்சும்தாம். ஆனால் இரத்தத்தைப் பரிசோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், முடங்கிய காலை நடக்கப் பழக்குபவர், பேசாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர் ஆகியோர் இல்லாமல் சிகிச்சை நிறைவு பெறாது. இவர்கள் கற்பவையே துணை மருத்துவப் படிப்புகள். கிண்டியில் 1988 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இவற்றுக்குப் பட்டம் வழங்குகிறது. நம் நாவலூருக்குத் தெற்கே கேளம்பாக்கத்திலும் இவற்றைப் பயிலலாம்.

ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவில், இத்தனை பேர் தேறினர் என்று ஓர் எண் சொல்லப்படுகிறது. அந்த எண் மட்டும் போதுமா? அவர்கள் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

முதலாவது, அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மடிந்ததைக் கண்டவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவரே 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947-இல்தான். இன்றும் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்க வரும் தாய், அந்த அறையில் ஒரு பெண் இருந்தால் தயக்கமின்றி உள்ளே செல்வாள்.

இரண்டாவது, அவர்கள் எத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்? தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-இல் வந்தது. கல்லூரி வாசலையே காணாத வீடுகளுக்கும் இவை வழி திறந்தன.

மூன்றாவது, அவர்கள் பேசும் மொழி எது? எக்ஸ்ரே கருவிக்கு மொழி தேவையில்லை. பேச்சுப் பயிற்சி அப்படியன்று; குழந்தையின் வீட்டுமொழியை அறிந்தவரே அதை நன்கு அளிக்க முடியும். மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு முட்டுக்காட்டில் நடத்தும் நிறுவனத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள் அல்லவா?

ஆக, பட்டதாரிகளின் பட்டியல் நம் சமுதாயத்தைப் போலவே இருந்தால்தான் சிகிச்சை எல்லோரையும் சென்றடையும்.

இப்படிப்புகளில் பல, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். கல்வித் தரத்தைக் காக்கவும் பெயர்களைப் பதிவு செய்யவும் 2021-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. எனவே பெற்றோரே, டாக்டர் படிப்பில் இடம் கிடைக்காத மகளிடம் இது இரண்டாந்தரம் என்று சொல்லாதீர்கள். தோழியரே, பிளஸ் டூ முடித்ததும் இந்த வாசலையும் தட்டிப் பாருங்கள்!